நீரே மருந்தெனக் கண்ட நெசவாளி மகன்

எளிதில் கிடைக்கும் பொருளுக்கு மதிப்பு குறைவு என்பது உலக வழக்கம். காசு கொடுத்து வாங்கிய மருந்தைக் கண்ணும் கருத்துமாகப் பாதுகாக்கும் மனிதன், வீட்டுக் கிணற்றில் ஊறும் நீரை ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. ஐம்பூதங்களுள் ஒன்றான அந்த நீரிலேயே நோய் தணிக்கும் ஆற்றலும் அடங்கியிருக்கிறது என்று கண்டு, அந்த அறிவை ஏழைகளின் வாசல்வரை கொண்டு சென்றவர்கள் சிலர் உண்டு. அவர்களுள் முதன்மையானவர் செபாஸ்டியன் க்னைப். ஜெர்மனியின் பவேரியா நாட்டில் பிறந்த ஓர் ஏழை நெசவாளியின் மகன்; பின்னாளில் கத்தோலிக்கப் பாதிரியார். மருத்துவப் பட்டம் பெறாத அவரை நாடி ஏழை உழவர்கள் முதல் அரச குடும்பத்தார் வரை வந்தனர். அவருடைய வாழ்க்கை, உடல் நலத்தைப் பற்றியது மட்டுமன்று. கிடைத்த வரத்தைத் தனக்கென வைத்துக்கொள்வதா, பிறருக்குப் பகிர்வதா என்ற கேள்விக்கு ஒரு மனிதர் வாழ்நாள் முழுவதும் அளித்த விடையும் ஆகும்.

தறியில் கழிந்த இளமை

பவேரியாவின் தென்மேற்கே ஓட்டோபாய்ரன் என்ற சிற்றூர் இருக்கிறது. பெனடிக்டின் துறவியரின் பெரிய மடாலயத்தால் புகழ் பெற்ற ஊர் அது. அதன் அருகே உள்ள ஸ்டெஃபான்ஸ்ரீட் என்ற சின்னஞ்சிறு கிராமத்தில் 1821-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் செபாஸ்டியன் பிறந்தார். தந்தை சேவியர், தாய் ரோசினா. வீட்டின் அடித்தளத்தில், வெளிச்சம் குறைந்த ஈரமான அறையில் தறி இருந்தது. சிறு வயதிலேயே செபாஸ்டியன் அந்தத் தறியின்முன் அமர்த்தப்பட்டார். மாடு மேய்க்கும் வேலையும் அவருக்கு இருந்தது. குடும்பத்தின் அன்றாட உணவுக்கு அந்தச் சிறுவனின் உழைப்பும் தேவையாயிற்று.

ஆனால் அவருடைய மனம் தறியில் இல்லை. தேவாலயத்தில் குருவாக வேண்டும், இறைப்பணி செய்ய வேண்டும் என்ற ஆவல் இளமையிலேயே அவருள் வேரூன்றிவிட்டது. குருவாவதற்கு லத்தீன் மொழி வேண்டும். லத்தீன் கற்க ஆசிரியர் வேண்டும். ஆசிரியருக்குப் பொருள் வேண்டும். நெசவாளியின் வீட்டில் இவற்றில் எதுவுமே இல்லை. ஆகவே அவர் தறியில் கூடுதலாக உழைத்துக் காசு காசாகச் சேர்க்கத் தொடங்கினார். பல ஆண்டுகள் பாடுபட்டு எழுபது கில்டர் சேர்த்து வீட்டில் வைத்திருந்தார். அவருக்கு ஏறத்தாழ இருபது வயதானபோது அந்த வீடு தீப்பற்றி எரிந்தது. வீட்டோடு அந்த எழுபது கில்டரும் போயிற்று.

வேறொருவராக இருந்தால் இதைத் தெய்வத்தின் மறுப்பு என்று எண்ணி மீண்டும் தறிக்கே திரும்பியிருக்கலாம். செபாஸ்டியன் அவ்வாறு எண்ணவில்லை. எரிந்தது பணம்தான், ஆவல் எரியவில்லை. வீட்டை விட்டுப் புறப்பட்டு, தனக்குக் கல்வி தருவாரைத் தேடிக் குருமார்களின் கதவுகளைத் தட்டினார். வயது மிகுந்தவன், ஏழை என்று பலரும் தயங்கினர். கடைசியில் குரோனன்பாக் என்ற ஊரில் துணைக் குருவாக இருந்த மத்தியாஸ் மெர்க்கிள் என்பவர் அவரை ஏற்றுக்கொண்டார். தூரத்து உறவினரான அவர், இந்த முரட்டுக் கையுள்ள இளைஞருக்குப் பொறுமையுடன் லத்தீன் கற்பித்தார். அந்த ஒரு மனிதரின் பெருந்தன்மை இல்லையென்றால் பின்னால் நிகழ்ந்த எதுவுமே நிகழ்ந்திராது. 1844-இல் செபாஸ்டியன் டில்லிங்கன் நகரின் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். தம்மைவிடப் பல ஆண்டுகள் இளையவர்களான சிறுவர்களுடன் அவர் ஒரே வகுப்பில் அமர்ந்து படித்தார்.

நதியின் குளிர்

இலக்கு கண்ணுக்குத் தெரியும் தொலைவில் வந்தபோது உடல் கைவிட்டது. இளமையில் கழித்த ஈரமான நெசவறையும், போதிய உணவின்மையும், இரவும் பகலும் படித்த கடுமையும் சேர்ந்து அவரை மெலிவித்திருந்தன. இருமல் வந்தது, இருமலோடு இரத்தமும் வந்தது. அந்தக் காலத்தில் ஐரோப்பா முழுவதும் இளைஞர்களை வாரிக்கொண்டு போன நுரையீரல் நோயின் அறிகுறிகள் அவை. மருத்துவர்கள் நம்பிக்கை இழந்தனர். 1848-இல் பள்ளிப் படிப்பை முடித்து இறையியல் கற்கத் தொடங்கிய அவருக்கு, அந்தக் கல்வியை முடிக்கும்வரை உயிர் தங்குமா என்பதே ஐயமாக இருந்தது.

இந்த நிலையில்தான் ஒரு பழைய சிறுநூல் அவர் கைக்குக் கிடைத்தது. குளிர்ந்த நீரின் ஆற்றலையும் பயனையும் விளக்கும் நூல் அது. 18-ஆம் நூற்றாண்டில் சைலீசியாவில் வாழ்ந்த யோஹன் சிக்மண்ட் ஹான் என்ற மருத்துவர் எழுதியது. நீரைக் கொண்டு நோய் தீர்க்கும் முறை அந்தப் பகுதிக்குப் புதியதன்று. ஹானின் குடும்பத்திற்குப் பின்னால் அதே சைலீசியாவின் கிராஃபன்பெர்க் மலையூரில் வின்சென்ட் ப்ரீஸ்னிட்ஸ் என்ற உழவர் குளிர்நீர் சிகிச்சை அளித்துப் பெரும்புகழ் பெற்றிருந்தார். ஆனால் க்னைப் அவரிடம் போகவில்லை; போக வசதியும் இல்லை. அவருக்குக் கிடைத்தது அந்த ஒரு நூல் மட்டுமே.

இழப்பதற்கு ஏதும் இல்லாத ஒருவரின் துணிவோடு அவர் அதைச் சோதித்துப் பார்த்தார். 1849-ஆம் ஆண்டின் நவம்பர் மாதம். டில்லிங்கனைத் தொட்டுக்கொண்டு ஓடும் டான்யூப் நதி உறைபனிக் குளிரில் இருந்தது. உடல் சூடேறும்படி நதிக்கரைக்கு விரைந்து நடந்தார். சில நொடிகளே நீரில் மூழ்கி எழுந்தார். ஈரத்தைத் துடைக்காமலே ஆடை அணிந்துகொண்டு மீண்டும் விரைந்து வீடு திரும்பினார். வாரத்தில் இரண்டு மூன்று முறை இதைத் தொடர்ந்தார். அறையில் தங்கிய நாட்களில் நீரூற்றியும் நனைத்தும் பழகினார். முதலில் கேடு ஏதும் வரவில்லை. பிறகு சிறிது பசி எடுத்தது. பிறகு வலிமை திரும்பியது. மாதங்கள் செல்லச் செல்ல இருமல் விலகியது. சாவின் வாசலில் நின்ற மாணவர் படிப்பைத் தொடரும் அளவுக்குத் தேறினார்.

அந்த நோய் எவ்வாறு நீங்கியது என்று இன்று நாம் அறுதியிட்டுக் கூற இயலாது. காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் கண்டறிந்ததே 1882-இல்தான். அந்த நோய் சிலருக்குத் தானே தணிந்துவிடுவதும் உண்டு. ஆயினும் க்னைப்பின் உள்ளத்தில் ஓர் உறுதி பிறந்தது. இந்த நீர் தனக்கு உயிர்ப்பிச்சை அளித்தது; இனி இந்த உயிர் தனக்கு மட்டும் உரியதன்று என்பதே அந்த உறுதி.

பூவாளியும் அபராதமும்

1850-இல் அவர் மியூனிக் நகருக்குச் சென்று, இறையியல் மாணவர்கள் தங்கிப் படிக்கும் ஜார்ஜியானம் இல்லத்தில் சேர்ந்தார். அங்கே தம்மைப் போலவே மார்பு நோயால் வாடிய சக மாணவர் ஒருவரைக் கண்டார். இல்லத்தின் ஒழுங்குக்கு அஞ்சி, இரவு வேளைகளில் தோட்டத்திற்கு அழைத்துச் சென்று, செடிகளுக்கு நீர் ஊற்றும் பூவாளியால் அவருக்கு நீரூற்றினார். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற க்னைப்பின் நீரூற்று முறை, இப்படி ஒரு தோட்டத்து இருட்டில், ஒரு நண்பன்மேல் கொண்ட இரக்கத்தால் தொடங்கிற்று.

1852-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஆக்ஸ்பர்க் பேராலயத்தில் அவர் குருப்பட்டம் பெற்றார். முதலில் பீபர்பாக் என்ற ஊரில் துணைக் குருவாகப் பணி அமர்ந்தார். தேவாலயப் பணிக்கு இடையே நோயாளிகள் அவரைத் தேடி வந்தனர். ஆனால் அந்த நாளில் பட்டம் பெறாதவர் வைத்தியம் செய்வது சட்டப்படி குற்றம். 1853-இல் மருந்து வணிகர் ஒருவர் அவர்மீது புகார் அளித்தார். க்னைப்புக்கு அபராதம் விதிக்கப்பட்டது.

அபராதத் தொகை சிறியதுதான். ஆனால் அது எழுப்பிய கேள்வி பெரியது. குருவானவர் சட்டத்திற்கும் மேலிடத்திற்கும் கட்டுப்பட்டவர். கீழ்ப்படிதல் அவருடைய நெறிகளுள் தலையாயது. அதே வேளையில், எதிரே துடித்துக்கொண்டிருக்கும் நோயாளிக்குத் தன்னிடம் உதவி இருந்தும் மறுப்பது எந்த அறத்தில் சேரும்? இந்த இரண்டுக்கும் இடையே அவர் நீண்டகாலம் தவித்தார். முடிவில் அவர் கண்ட வழி நடுநிலையானது. விளம்பரம் இல்லை, கூலி கேட்பதில்லை, மருத்துவரிடம் செல்ல வசதி இல்லாத ஏழைகளையும், மருத்துவர்கள் கைவிட்டவர்களையுமே பெரும்பாலும் ஏற்றுக்கொள்வது. இவ்வாறு யாருடைய பிழைப்பையும் கெடுக்காமல், யாருடைய துயரத்தையும் கண்டு முகம் திருப்பாமல் இருக்க முயன்றார்.

அடுத்த ஆண்டிலேயே அந்த முயற்சிக்குக் கடுமையான சோதனை வந்தது. 1854-இல் பவேரியாவில் காலரா பரவியது. அப்போது போஸ் என்ற ஊரில் துணைக் குருவாக இருந்த க்னைப், தொற்றைப் பற்றிக் கவலைப்படாமல் வீடு வீடாகச் சென்றார். வெப்பமான ஒற்றடங்களாலும் போர்வைகளாலும் நோயாளிகளின் உடலைச் சூடேற்றி வியர்க்கச் செய்தார். நாற்பத்திரண்டு பேர் அவரால் பிழைத்தார்கள் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். ஊர் மக்கள் அவரைக் காலராக் குரு என்றே அழைக்கத் தொடங்கினர். நினைத்துப் பார்க்கத் தக்க ஒரு செய்தி: அதே 1854-இல்தான் லண்டனில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், காலரா அசுத்தமான குடிநீரின் வழியே பரவுகிறது என்று நிறுவிக்கொண்டிருந்தார். உயிரைக் காக்கும் நீரே தூய்மை கெட்டால் உயிரைப் பறிக்கும் என்ற உண்மையை உலகம் அப்போதுதான் அறியத் தொடங்கியது.

மடத்துச் சலவைக் கூடம்

1855-ஆம் ஆண்டு மே மாதத்தில் வோரிஸ்ஹோஃபன் என்ற சிற்றூருக்கு க்னைப் அனுப்பப்பட்டார். அங்கிருந்த டொமினிக்கன் கன்னியர் மடத்துக்கு ஆன்மிக வழிகாட்டியாக இருப்பதே அவருக்கு இடப்பட்ட பணி. அமைதியான கிராமம், கன்னியர் சிலர், வயல்களும் மாட்டுத் தொழுவமும். புகழோ கூட்டமோ வர வழியே இல்லாத இடம். அங்கேதான் அவருடைய எஞ்சிய நாற்பத்திரண்டு ஆண்டுகளும் கழிந்தன.

மடத்தின் பொருளாதாரம் நலிந்திருந்தது. உழவர் குடியின் உழைப்பை அறிந்த க்னைப், நிலத்தைச் சீர்திருத்தினார், தீவனப் பயிர்களையும் கால்நடை வளர்ப்பையும் மேம்படுத்தினார், தேனீ வளர்த்தார். தேனீ வளர்ப்பைப் பற்றியும் கால்நடைகளைப் பற்றியும் எளிய நூல்கள் எழுதினார். தண்ணீர் வைத்தியர் என்று உலகம் அறிவதற்கு முன்பே, சுற்றுப்புற உழவர்கள் அவரை வேளாண் ஆலோசகராக அறிந்திருந்தனர்.

நோயாளிகளும் மெல்ல மெல்ல வந்தனர். மடத்தின் சலவைக் கூடமே அவருடைய முதல் சிகிச்சைச் சாலை. துணி துவைக்கும் தொட்டிகளும் பூவாளிகளுமே கருவிகள். பின்னர் சிறியதொரு குளியல் குடில் எழுந்தது. 1881-இல் அவர் ஊரின் பங்குக் குருவாகவும் ஆனார். திருப்பலி, மறையுரை, பாவசங்கீர்த்தனம், கன்னியரின் பள்ளி, வயல் வேலை ஆகிய அனைத்துக்கும் நடுவே நோயாளிகளைப் பார்த்தார்.

முறையின் நுணுக்கம்

க்னைப்பின் சிகிச்சையைக் குளிர்ந்த நீரை உடம்பில் கொட்டுவது என்று மட்டும் எண்ணுவது பிழை. அதில் நுட்பமான ஒழுங்கு இருந்தது. குளிர்ந்திருக்கும் உடலில் குளிர்நீர் படவே கூடாது. முதலில் நடையாலோ வேலையாலோ உடல் சூடாக வேண்டும். நீர் படும் நேரம் குறுகியதாக இருக்க வேண்டும். இதயத்துக்கு எட்ட இருக்கும் உறுப்பில், அதாவது பாதத்தில், தொடங்கி மேல்நோக்கிச் செல்ல வேண்டும். நீரூற்றிய பின் துடைக்காமல் ஆடை உடுத்து, உடல் மீண்டும் சூடேறும்வரை நடக்க வேண்டும். குளிர்நீர் பட்டதும் தோலின் இரத்த நாளங்கள் சுருங்குகின்றன. சற்றுப் பொறுத்து அவை விரிந்து கதகதப்பு பரவுகிறது. இந்தச் சுருக்கமும் விரிவுமே பயிற்சி. அடிக்கடி பழகும் உடல் தட்பவெப்ப மாறுதல்களை எளிதில் தாங்கிக்கொள்கிறது.

முழங்கால் வரை நீரூற்றுதல், கை நீரூற்று, தொடை நீரூற்று, ஈரத்துணி சுற்றுதல், நீராவி பிடித்தல், வைக்கோல் பூக்களை வெந்நீரில் ஊறவைத்து மூட்டையாகக் கட்டி ஒற்றடமிடுதல் எனப் பல முறைகளை அவர் வகுத்தார். கெண்டைக்கால் அளவு நீரில் கொக்கு நடப்பது போல் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடப்பதும், விடியற்காலைப் பனி படிந்த புல்லில் வெறுங்காலுடன் நடப்பதும் அவர் பரப்பிய பழக்கங்கள்.

நீருக்கு அடுத்தபடியாக மூலிகை. அவருடைய மருந்துப் பெட்டியில் இருந்தவை எளிய செடிகளே. அவற்றுள் நமக்கு நன்கு அறிமுகமான வெந்தயமும் பெருஞ்சீரகமும் கற்றாழையும் இருந்தன என்பது நம் இல்லத்தரசியருக்கு மகிழ்ச்சி தரும். உணவில் எளிமையையும் முழுத் தானியத்தையும் அவர் வலியுறுத்தினார். காப்பிக் கொட்டைக்குப் பதிலாக முளைகட்டி வறுத்த பார்லியில் காய்ச்சிய பானத்தைப் பரிந்துரைத்தார். உடலுழைப்பு இல்லாத செல்வர்களுக்கு விறகு பிளக்கும்படியும் சொன்னதுண்டு. இவை எல்லாவற்றுக்கும் மேலாக அவர் கருதியது வாழ்வின் ஒழுங்கு. உள்ளம் கலங்கிக் கிடக்கும்போது உடலுக்கு மட்டும் செய்யும் சிகிச்சை முழுப்பயன் தராது என்பதை அவர் அனுபவத்தில் கண்டார். நீர், மூலிகை, உடலசைவு, உணவு, வாழ்வொழுங்கு ஆகிய இந்த ஐந்தையும் அவர் வழிவந்தோர் க்னைப் நெறியின் ஐந்து தூண்கள் எனத் தொகுத்தனர்.

கடுமையிலிருந்து மென்மைக்கு

இங்கே குறிப்பிட வேண்டிய ஓர் உயர்ந்த பண்பு உண்டு. தொடக்கத்தில் க்னைப்பின் முறைகள் கடுமையாக இருந்தன. தாம் உறைபனி நதியில் குளித்துத் தேறியவர் ஆதலால், பிறரும் தாங்குவர் என எண்ணினார். ஆண்டுகள் செல்லச் செல்ல, வலிமை குன்றிய உடலுக்குக் கடுமை உதவாது. சிறிய அளவே பெரிய பயனைத் தருகிறது என உணர்ந்தார். அவ்வாறு உணர்ந்ததை மறைக்கவில்லை. தம் முறையைப் பலமுறை தாமே திருத்தி மென்மையாக்கியதாக நூலிலேயே வெளிப்படையாக எழுதினார். தன் அனுபவமே முடிந்த முடிபு என்று பிடிவாதம் பிடிக்காமல், எதிரே நிற்கும் நோயாளியிடமிருந்து கற்றுக்கொண்ட அடக்கம் அது. தாம் தேறிய வழியை அப்படியே பிறர்மேல் சுமத்துவது அன்பு ஆகாது. பிறருடைய தாங்கும் அளவை அறிந்து உதவுவதே அன்பு என்பதை அவர் வாழ்ந்து கற்றார்.

ஊர் தேடி வந்த உலகம்

தம் முறைகளை நூலாக எழுதும்படி பலரும் வற்புறுத்தியபோது க்னைப் நெடுங்காலம் மறுத்து வந்தார். முதுமை நெருங்கவே, தம்மோடு இந்த அறிவு மறைந்துவிடக் கூடாது என்று இசைந்தார். 1886-இல், அறுபத்தைந்தாம் வயதில், என் நீர் சிகிச்சை என்ற பொருள்படும் நூல் வெளிவந்தது. முதற்பகுதி நீரைப் பயன்படுத்தும் முறைகள்; இரண்டாம் பகுதி மூலிகைகள்; மூன்றாம் பகுதி நோய்கள். மக்கள் நூலைப் படித்துத் தத்தம் வீட்டிலேயே பயன்பெறுவர், தம்மைத் தேடி வருவோர் குறைவர் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. நடந்ததோ நேர்மாறு. நூல் பதிப்புக்குமேல் பதிப்பு கண்டது. பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. படித்தவர்கள் எல்லாம் எழுதியவரைக் காணப் புறப்பட்டனர். 1889-இல் இப்படி வாழ வேண்டும் என்று நலவாழ்வை விளக்கும் அடுத்த நூல் வந்தது. கூட்டம் மேலும் பெருகியது. வோரிஸ்ஹோஃபனின் உழவர் வீடுகள் விடுதிகளாயின.

1890-இல் அங்கே முதல் க்னைப் சங்கம் தோன்றியது. மருத்துவர்களும் வந்தனர். ஒரு காலத்தில் சட்டத்தின்முன் நிறுத்தப்பட்டவர், இப்போது மருத்துவர்களை அருகில் அமர்த்தி நோயாளிகளைப் பார்த்தார். தம் முறையைக் கற்றறிந்த மருத்துவர்கள் ஏற்றுச் சோதித்துச் சீர்படுத்த வேண்டும் என்பதே அவர் விருப்பம். 1894-இல் அவர் முறையைப் பின்பற்றும் மருத்துவர்களின் சங்கமும் உருவானது. ஆல்ஃப்ரெட் பாம்கார்டன் என்ற மருத்துவர் அவருடன் பணியாற்றி, பின்னர் அவர் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார்.

ஆஸ்திரியப் பேரரசக் குடும்பத்தைச் சேர்ந்த ஜோசஃப் இளவரசர் அவருடைய ஆதரவாளரானார். ஐரோப்பாவின் பல நகரங்களுக்கு அவர் சொற்பொழிவாற்றச் சென்றார். 1893-இல் போப் பதின்மூன்றாம் லியோ அவருக்கு மான்சிஞ்ஞோர் என்ற சிறப்புப் பட்டம் அளித்தார். அடுத்த ஆண்டு அவர் ரோம் சென்று அந்த முதிய போப்பாண்டவருக்கே ஆலோசனை கூறினார். நெசவறையின் இருட்டிலிருந்து வாடிகனின் மாளிகைவரை ஒரு மனிதரை அழைத்துச் சென்றது ஒரு குவளைத் தண்ணீர்!

பணமும் வந்தது. அதை அவர் என்ன செய்தார் என்பதில்தான் அவர் யார் என்பது தெரிகிறது. 1891-இல் செபாஸ்டியானியம் என்ற சிகிச்சை இல்லத்தை எழுப்பினார். 1893-இல் நோயுற்ற குழந்தைகளுக்கென ஓர் இல்லம். 1896-இல் க்னைப்பியானம் என்ற மற்றோர் இல்லம். இவற்றைத் துறவு சபையினரின் பொறுப்பில் ஒப்படைத்தார். குழந்தைகள் இல்லம் அவர் மனத்துக்கு மிக நெருக்கமானது. வறுமையும் நோயும் ஒரு சிறுவனின் வாழ்வை எப்படி முடக்கும் என்பதை அவர் பிறர் சொல்லிக் கேட்டவர் அல்லர். இத்தனைக்கும் பின்னர் அவர் உடுத்தது அதே கறுப்பு அங்கி. உண்டது அதே எளிய உணவு.

இறுதி நாட்கள்

1897-ஆம் ஆண்டு அவருடைய வயிற்றில் கட்டி வளர்ந்திருப்பது தெரிந்தது. அறுவை சிகிச்சை செய்துகொள்ள அவர் இசையவில்லை. எழுபத்தாறு வயது நிரம்பியிருந்த அவர், வந்த அழைப்பை அமைதியாக ஏற்றுக்கொண்டார். எத்தனையோ பேரின் நோயைத் தணித்த நீர், அவருடைய இறுதி நோயைத் தணிக்கவில்லை. அதனால் அவர் தாம் கண்ட உண்மையின்மீது ஐயம் கொள்ளவும் இல்லை. இறைவன்மேல் குறை கூறவும் இல்லை. உடல் என்றேனும் திருப்பித் தரவேண்டிய இரவல் பொருள். இருக்கும்வரை அதைச் செம்மையாக வைத்துக்கொள்வதே நம் கடமை என்பதை அறிந்தவர் அவர். ஜூன் 17-ஆம் நாள் வோரிஸ்ஹோஃபனில் உயிர் நீத்தார். அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அவர் நினைவாக ஒரு சிற்றாலயம் நிற்கிறது.

அவர் விட்டுச் சென்றது

1920-இல் அவ்வூருக்கு நீராடல் தலம் என்ற சிறப்புப் பெயர் கிடைத்து, பாட் வோரிஸ்ஹோஃபன் என வழங்கலாயிற்று. க்னைப்பிடம் சிகிச்சை பெற்றுத் தேறிய பெனடிக்ட் லஸ்ட் என்பவர் அமெரிக்கா சென்று, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கில் இயற்கை மருத்துவத்தைப் பரப்பினார். 2015-இல் க்னைப்பின் நெறி ஜெர்மனியின் பண்பாட்டு மரபுகளின் தேசியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

நம் நாட்டுக்கு நீர் சிகிச்சை வந்த வழி சற்று வேறு. க்னைப்பின் காலத்தவரான லைப்சிக் நகரத்து லூயி கூனேயின் நூலும், அடால்ஃப் யூஸ்ட் என்பவரின் நூலும் காந்தியடிகளைக் கவர்ந்தன. தென்னாப்பிரிக்காவில் தம் மீதும் குடும்பத்தார் மீதும் இடுப்புக் குளியலையும் மண்பட்டியையும் சோதித்துப் பார்த்த காந்தியடிகள், 1946-இல் புனே அருகே உருளி காஞ்சனில் ஏழைக் கிராமத்தாருக்கென இயற்கை மருத்துவ ஆசிரமம் அமையக் காரணமாக இருந்தார். பவேரியக் குருவும் நம் தேசத் தந்தையும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஆயினும் இருவரும் ஒரே இடத்தில் வந்து நின்றனர்: ஏழையால் வாங்க முடியாத மருந்து, ஏழைக்கு மருந்தே அன்று என்ற இடத்தில்.

இந்த வரலாற்றை வாசிக்கும் நாம் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். க்னைப்பின் காலத்தில் காசநோய்க்கும் காலராவுக்கும் உறுதியான மருந்து கிடையாது. இன்று காசநோய் முறையான மாத்திரைகளால் குணமாகும் நோய். காலராவில் இழந்த நீரையும் உப்பையும் உடனே ஈடுசெய்தால் உயிர் பிழைக்கும். எனவே இரத்தம் கலந்த இருமல் கண்டவர் ஆற்றங்கரைக்குப் போகக் கூடாது. மருத்துவமனைக்கே போக வேண்டும். இதய நோய், மிகை இரத்த அழுத்தம் உள்ளவர்களும், முதியவர்களும் மருத்துவரைக் கேளாமல் குளிர்நீர்ப் பயிற்சிகளில் இறங்குவது தீங்கு. மருத்துவர்களைத் தம் பக்கத்தில் அமர்த்திக்கொண்ட க்னைப் இன்று இருந்தால் இதையே சொல்லியிருப்பார் என்று நம்பலாம்.

அப்படியானால் அவரிடம் நாம் எடுத்துக்கொள்வது எதை? எளிய உணவு, உடலுழைப்பு, காலை நடை, ஒழுங்கான உறக்கம், கலங்காத உள்ளம் ஆகிய இவற்றுக்கு எந்தக் காலத்திலும் மாற்று இல்லை. மார்கழிக் குளிரில் விடியலுக்கு முன்னே எழுந்து நீராடிய நம் பாட்டிமார்களுக்கு க்னைப்பின் பெயர் தெரியாது. ஆனால் அவர் சொன்னதன் சாரம் தெரிந்திருந்தது. வெந்நீர் இல்லாமல் ஒரு நாளும் குளிக்க இயலாத நம் தலைமுறை, உடலுக்குக் கொடுக்கும் சொகுசு ஒவ்வொன்றும் அதன் தாங்கும் வலிமையிலிருந்து சிறிது எடுத்துக்கொள்கிறது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

அதைவிடப் பெரிய பாடம் ஒன்று உண்டு. எழுபது கில்டர் தீயில் போன அன்று அந்த நெசவாளியின் மகன் ஏழையானார். ஆற்று நீரில் உயிர் பெற்ற அன்று அவர் செல்வரானார். முதலில் போனது அவர் தமக்கென்று சேர்த்தது. பின்னர் வந்தது அவர் பிறர்க்கென்று கொடுத்தது. தமக்கென்று சேர்த்ததை ஓர் இரவின் தீ அழித்துவிட்டது. பிறர்க்கென்று கொடுத்ததோ அவர் மறைந்து நூற்றாண்டு கடந்த பின்னும் ஊற்றாகச் சுரந்துகொண்டிருக்கிறது. நமக்குக் கிடைத்த நலம் சிறிதாயினும், அதில் ஒரு கை நீரேனும் அடுத்தவருக்கு வார்க்கும்போதுதான் அது உண்மையில் நம்முடையதாகிறது.